சூசாமிரின் கோடைப் பால்

செவ்வாய்

நான் எழுதிய நிரல் ஒன்று இன்று முதல்முறையாக வகுப்புக்கு வெளியே வேலை செய்தது. இதை எழுதும்போதே சந்தேகம் வருகிறது. வேலை செய்ததா, வேலை செய்வதுபோல் முகத்தை வைத்துக்கொண்டதா என்று எனக்கு எப்போதும் சரியாகத் தெரிவதில்லை. ஆனால் எங்கள் நிர்வாகி தமிரா எஜே, அதாவது தமிரா அக்கா, அது தந்த அறிக்கையை அச்செடுத்து, மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டு, இரண்டு முறை படித்தார். எங்கள் பால் கம்பெனியில் அவர் ஒரு காகிதத்தை இரண்டாம் முறை படித்தால் அது நல்ல காகிதம் என்று பொருள்.

என் வேலை வரவேற்பு மேசையில் உட்கார்ந்து போன் எடுப்பது. அலுவலகத்தில் நானே இளையவள் என்பதால் எல்லோருக்கும் தேநீர் ஊற்றுவதும் நானே. மாலையில் ஓஷ் பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில் கணினி வகுப்புக்குப் போகிறேன். கணக்குப் பிரிவில் ஒரு நாற்காலி காலியாகப் போகிறது. அதில் என்னை உட்காரவைக்கலாமா என்று பார்க்கத்தான் தமிரா எஜே இந்த வேலையைக் கொடுத்தார் என்று நினைக்கிறேன். அவர் நிர்வாகியாக வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. எந்தப் பள்ளத்தாக்கு இந்த ஆண்டு எவ்வளவு பால் தந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

ஜும்கால், கோச்கோர், சூசாமிர் என்று மூன்று பள்ளத்தாக்குகளிலிருந்து எங்கள் லாரிகள் பால் கொண்டுவருகின்றன. பிஷ்கெக் வந்ததும் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கொட்டிவிடுவோம். அதற்குப் பிறகு எந்தப் பால் எந்த மலையுடையது என்று பசுவே வந்தாலும் சொல்ல முடியாது. ஓட்டுநர் பாலை ஏற்றும் இடத்தில் போனில் தட்டி அனுப்பும் அளவு மட்டும் கிளவுடில் ஓர் அட்டவணையில் சேர்கிறது. அந்த அட்டவணை ஒரே குவியலாகக் கிடப்பதில்லை. ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பகுதி. வகுப்பில் அதை பார்ட்டிஷன் என்கிறார்கள்; நான் மனதுக்குள் அறை என்று வைத்துக்கொண்டேன். எந்தெந்த அறைகள் இருக்கின்றன என்பது கேட்டலாக் என்னும் அறைப்பட்டியலுக்குத்தான் தெரியும். நிரல் முதலில் அதைக் கேட்டு, அது சொல்லும் அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே இருக்கும் பாலைக் கூட்ட வேண்டும்.

கேட்டேன். கிர்கிஸ் அகரவரிசையில், தேதி வரிசையில் அழகாகச் சொன்னது. பதிலின் அடியில் மட்டும் தலையும் வாலும் புரியாத நீளமான எழுத்துக் கோவை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. வகுப்பில் கொடுத்த பயிற்சி அட்டவணையில் அப்படி எதுவும் வந்ததில்லை. பார்க்க அசிங்கமாக இருந்ததால் அறைகளை மட்டும் எடுத்துக்கொண்டு அதை விட்டுவிட்டேன்.

ஜும்கால் நன்றாக இருந்தது. கோச்கோர் அதைவிட நன்றாக இருந்தது. சூசாமிரில் குளிர்காலத்துக் கொஞ்சம் பால், வசந்தத்தில் இன்னும் கொஞ்சம், மே நடுவோடு சரி. அதன்பிறகு ஒரு சொட்டு இல்லை.

தமிரா எஜே அந்த இடத்தில் விரலை வைத்தார். டீசல் ரசீதுகளைக் கொண்டுவரச் சொன்னார். மேய்ப்பர்களுக்குப் பணம் போன விவரத்தையும் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"லாரி கோடை முழுக்க டீசல் குடிச்சிருக்கு. மேய்ப்பனுங்களுக்குக் கோடை முழுக்கப் பணம் போயிருக்கு. பாலு எங்கம்மா போச்சு?"

எனக்கு எப்படித் தெரியும்? தேநீர் வேண்டுமா என்று கேட்டேன்.

புதன்

சூசாமிர் லாரியை ஓட்டுவது எசென் பைகே, எங்கள் எல்லோருக்கும் எசென் அண்ணன். நாற்பது வயது, அகன்ற தோள், எப்போதும் பாதி மூடிய கண். கணவாய்ச் சுரங்கத்துக்குள் தூங்கிக்கொண்டே ஓட்டுவார் என்று மற்ற ஓட்டுநர்கள் சொல்வார்கள். காலையில் நான் வருவதற்குள் செய்தி அலுவலகம் முழுக்கப் பரவிவிட்டது. எசென் கோடைப் பாலை வழியில் பாலாடைக்கட்டிக்காரர்களுக்கு விற்றுவிட்டார் என்று ஒரு கட்சி. அவரே குடித்துத் தீர்த்தார், தோளைப் பாருங்கள் என்று இன்னொரு கட்சி. கணக்குப் பிரிவுக்காரர்கள் முதல் கட்சி; சிரிக்காமல் பேசினார்கள்.

எசென் பைகே தமிரா எஜேயின் அறைக்குள் போய், முகம் சிவந்து திரும்பி வந்தார். அவர் போனில் ஒன்றும் இல்லை. அனுப்பியதும் அழிந்துவிடும். மேய்ப்பர்கள் மலையிலிருந்து இறங்கி ஆளுக்கொரு திசையாகக் குளிர்கால இடங்களுக்குப் போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பதில் சொல்ல வேண்டும், பதில் இல்லையென்றால் லாரிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"ஏம்மா புருலாய், அந்தக் காகிதம் நீ போட்டதாமே?"

"ஆமா பைகே."

"நான் கொண்டாந்த பாலைக் குடிச்சுட்டுத்தான் இந்த ஊருல பாதிப் பேரு பளபளன்னு திரியறாங்க. உன் மெஷினு என்னைத் திருடன்னு சொல்லுது. எனக்குக் கோபமெல்லாம் இல்ல. ஆனா என் பையன் இதே கம்பெனிப் பால்தான் பள்ளிக்கூடத்துல குடிக்கிறான், அவங்கிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

நிரலை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அதே பதில். வரிவரியாகச் சரிபார்த்து மறுபடி ஓட்டினேன். அதே பதில். பொதுவாக நான் என்னை நம்புவதில்லை. இன்று என்னை நம்பாமல் இருக்கக் காரணம் எதுவும் கிடைக்காததுதான் பயமாக இருந்தது. ஒரு தவறை ஒழுங்காகச் செய்துவிட்டால் அது ஒவ்வொரு முறையும் ஒழுங்காக அதே தவறைத்தான் தரும் என்பது மாலைவரை எனக்குத் தோன்றவில்லை.

மாலை வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவள் ஹலீமா. துங்கான் இனத்துப் பெண். அவள் வீட்டார் பஜாரில் அஷ்லான்ஃபூ விற்கிறார்கள். குளிர்ந்த நூடுல்ஸில் காரத்தைக் கொட்டுவதில் அவள் கையும் வாயும் ஒன்றுதான். வகுப்பு தொடங்குவதற்கு முன் அவள் கொண்டுவந்த கிண்ணத்தைப் பகிர்ந்து சாப்பிட்டுக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்தது காரத்தால்தான் என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. நிரலைக் காட்டச் சொன்னாள். பதிலைக் காட்டச் சொன்னாள். நான் வெட்டிச் சுத்தப்படுத்திய பதிலைக் காட்டினேன். கேட்டலாக் தந்தபடியே காட்டு என்றாள்.

அடியில் தொங்கிய எழுத்துக் கோவையைப் பார்த்துவிட்டு சாப்பிடும் குச்சியைக் கீழே வைத்தாள்.

"இது என்னடி?"

"குப்பை. அதை எடுத்துட்டேன்."

ஹலீமா சத்தமில்லாமல் சிரித்தாள், ஆனால் தோள் குலுங்கியது. முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ எந்த ஊர்க்காரிடி? விருந்துக்குப் போற. வீட்டுக்காரி பாதிக் கோப்பை டீ ஊத்திக் குடுக்குறா. குடிச்சுட்டு, இந்த வீட்டுல இவ்வளவுதான் டீ போலன்னு எழுந்து வந்துருவியா?"

"மாட்டேன்."

"என்ன பண்ணுவ?"

"கோப்பையைத் திருப்பி நீட்டுவேன்."

"இது அந்தக் கோப்பைடி. இன்னும் இருக்கு, இதை நீட்டு, மிச்சத்தை ஊத்தறேன்னு சொல்லுது. நீ அதைக் குப்பையில போட்டுட்டு, சூசாமிர்ல டீயே இல்லைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்திருக்க."

ஒரு அறைப்பட்டியல் பெரிதாக இருந்தால் கேட்டலாக் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லாதாம். கொஞ்சம் சொல்லும், அந்த எழுத்துக் கோவையை அடையாளச் சரமாகக் கையில் தரும். அடுத்த கேள்வியோடு அதைத் திருப்பிக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து சொல்லும். சரம் வராத பதில்தான் கடைசிப் பதில். பயிற்சி அட்டவணை ஒரே மடக்கில் தீரும் அளவு சின்னது, அதனால்தான் நாங்கள் யாரும் வகுப்பில் அதைப் பார்க்கவில்லை. சூசாமிர் அகரவரிசையில் கடைசி. முதல் மடக்கு அதன் மே மாதத்தில் தீர்ந்திருக்கிறது.

அலுவலகத்தில் நாள் முழுக்கக் கோப்பைகளை வாங்கி வாங்கி ஊற்றுபவள் நான். ஊற்றுபவளாகவே இருந்ததால் கேட்பவள் என்ன செய்ய வேண்டும் என்று மறந்துபோயிருக்கலாம். ஹலீமாவிடம் இதைச் சொன்னேன். சாக்குச் சொல்லாமல் நூடுல்ஸை முடி என்றாள்.

வெள்ளி

நேற்று காலை முதல் வேலையாக நிரலைத் திருத்தினேன். சரம் வந்தால் அதைக் கொடுத்து மறுபடி கேள், வராவிட்டால் நிறுத்து. நான்கு வரிதான் கூடியது. ஓட்டினேன். மே முடிந்தது, ஜூன் வந்தது. ஜூன் வந்ததைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். ஜூனும் ஜூலையும் ஆகஸ்டும் சேர்ந்து, சூசாமிர் மற்ற இரண்டு பள்ளத்தாக்குகளையும் கோடையில் தோற்கடித்திருந்தது.

தமிரா எஜே நேற்று முழுவதும் காரா-பால்தாவில் ஆலையில் இருந்தார். போனில் சொன்னேன். வெள்ளிக்கிழமை காகிதத்தோடு வா, போனில் கேட்டுக் காகிதத்தை மாத்தமாட்டேன் என்று வைத்துவிட்டார். எசென் பைகேயிடமும் சொன்னேன். பாதி மூடிய கண்கள் முழுதாகத் திறந்ததை நேற்றுதான் பார்த்தேன். என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையில் ஒவ்வொரு நாளாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஜூலையில் வந்ததும் சிரிப்பு நின்றது.

ஜூலை நடுவில் மூன்று நாள் அறைகளே இல்லை. மேய்ப்பர்களுக்குப் பணமும் போகவில்லை. டீசல் மட்டும் போயிருந்தது.

பைகே நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"ஏம்மா, இதை இன்னும் கொஞ்சம் சுருக்கமாக் காட்ட முடியாதா? மாசத்துக்கு ஒரு வரி, அந்த மாதிரி?"

முடியும். ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும், மாத மொத்தம் மட்டும் வரும். ஜூலை மொத்தம் நிறையவே இருந்தது. மூன்று நாளை யாரும் தேடமாட்டார்கள். அது பொய்கூட இல்லை. இதை நான் நேற்று மதியம் முழுக்க யோசித்தேன். திருடன் என்று பெயர் வாங்கித் தந்தது என் காகிதம். அந்தப் பெயரைக் கழுவும்போது அவருக்கு இந்தச் சின்ன உதவியைச் செய்யக் கூடாதா? ஆனால் செவ்வாய்க்கிழமை நான் செய்ததும் இதேதான். அழகாக இருக்கட்டும் என்று அடியை வெட்டினேன். முடியாது பைகே என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு போனார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

இன்று கூட்டம். தமிரா எஜே பழைய காகிதத்தை இடது பக்கமும் புதியதை வலது பக்கமும் வைத்தார்.

"ரெண்டும் உன்னோடதா?"

"ரெண்டும் என்னோடதுதான் எஜே."

"எதை நம்ப?"

"இன்னிக்கு உள்ளது. இது, இன்னும் இருக்கான்னு கேட்டு, இல்லைன்னு பதில் வந்தப்புறம் எடுத்தது. அது கேக்காம எடுத்தது."

வாக்கியம் முழுதாக வெளியே வந்தது. கணக்குப் பிரிவுக்காரர்கள் கூரையைப் பார்த்தார்கள். தமிரா எஜே புதிய காகிதத்தை இரண்டு முறை படித்தார். இரண்டாம் முறையில் விரல் ஜூலையில் நின்றது. எசென் பைகே சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, கேட்கும் முன்னரே மேசைமேல் வைத்துவிட்டார்.

கோடைப் பாலில் ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை என்றார். அந்த மூன்று நாள் மட்டும் பாலே ஏற்றவில்லை. குதிரைமேல் இருந்து ஆட்டுடலுக்காக மோதும் கோக்-போரு ஆட்டத்துக்கு சூசாமிர் அணியையும் ஆதரவாளர்களையும் சேணங்களையும் லாரியில் ஏற்றிப் போயிருக்கிறார். மேய்ப்பர்களும் கூட வந்துவிட்டதால் பால் ஊற்ற ஆளே இல்லை. வீட்டுப் பெண்கள் அதைக் குருத் என்னும் தயிர் உருண்டையாக உருட்டி வெயிலில் காயவைத்துவிட்டார்கள். இதையெல்லாம் மேசையின் காலைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார்.

"யாரோட ஆட்டம்?" என்று கேட்டார் தமிரா எஜே.

"தலாஸோட."

தமிரா எஜே தலாஸ்காரர். அவர் அண்ணன் மகன் அந்த அணியில் ஆடுகிறான். இது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் மேசைமேல் அணியின் படம்கூட இருக்கிறது.

"யாரு ஜெயிச்சா?"

எசென் பைகேயின் காதுகள் சிவந்தன. விற்றார் என்று சொன்னபோதுகூட அவர் இவ்வளவு சிவக்கவில்லை.

"தலாஸ்."

"எவ்வளவு?"

"ஒன்பதுக்கு ரெண்டு."

தமிரா எஜே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க நேரம் எடுத்தது, ஏனென்றால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு சாவியை மேசைமேல் தள்ளி அவரிடமே அனுப்பினார்.

"கம்பெனி டீசல்ல அவ்வளவு தூரம் போய் ஒன்பது வாங்கிட்டு வந்திருக்க. இதுக்கு மேல நான் என்னத்த தண்டிக்கிறது? டீசலை மட்டும் குளிர்காலத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை சம்பளமில்லாம ஓட்டிக் கழிச்சுடு. அடுத்த ஆட்டத்துக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லிட்டுப் போ."

கணக்குப் பிரிவில் விற்றார் என்று சொன்னவர்களையும் பெயர் சொல்லி எழுப்பினார். அவர்கள் எசென் பைகேயிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. நானும் எழுந்து கேட்டேன். நீ உட்காரும்மா, அந்தத் திருட்டுப் பேரை நீதானே கொடுத்தே, நீதானே எடுத்தே என்றார் அவர்.

திங்கள் முதல் அந்த நாற்காலியில் நான் உட்காரலாம் என்று கூட்டம் முடிந்ததும் சொன்னார்கள். முதல் வேலை, அந்த மூன்று நாளுக்கும் அறை திறந்து, பால் ஏற்றாத நாள் என்று பதிவது. அளவுக் கட்டத்தில் எண் மட்டுமே ஏறும். பூஜ்யம் போடட்டுமா என்று கேட்டேன். தமிரா எஜே யோசித்துவிட்டு, முதல் நாளில் ஒன்பது என்று போடு, நாங்க அடிச்சது பதிவுல இருக்கட்டும் என்றார். அது லிட்டராகக் கூட்டலில் சேர்ந்துவிடும், முடியாது என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்த பிறகுதான், நிர்வாகியிடம் ஒருமுறைகூடத் தயங்காமல் முடியாது என்று சொல்லியிருக்கிறேன் என்பது உறைத்தது. பூஜ்யம்தான் போடப் போகிறேன். அவர் வற்புறுத்தினாலும் பூஜ்யம்தான்.