விரிப்புகளின் மேற்பார்வையாளர்

'என் பேச்சை நானே கேட்க மாட்டேன், இவர்கள் எப்படிக் கேட்பார்கள்' என்று நினைத்தபடி அவள் சலவைக்கூடத்தின் குறுக்கே நடந்தபோது, ஈரத்துணி வண்டி மட்டும் யாரும் தள்ளாமல் அவள் பின்னால் உருண்டு வந்தது. மேற்பார்வையாளராக அது அவளுக்கு முதல் நாள். வண்டி பதவிக்கு மரியாதை கொடுத்தது; மனிதர்கள் அவ்வளவு சீக்கிரம் கொடுப்பதில்லை.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் வேண்டும். உயரம் பார்த்து ஜோடி சேர்வது அங்கே வழக்கம். அதிகாரத்தைக் காட்ட வேண்டுமே என்று, வேலைக்குச் சேர்ந்த வரிசைப்படி அவள் ஜோடிகளை மாற்றினாள். நெட்டையும் குட்டையும் எதிரெதிரே நின்று சொன்னதைச் சொன்னபடியே செய்தார்கள். மாலைக்குள் எல்லாம் கோணலாக மடிந்து, அடுக்கு குடிகாரனைப் போலச் சாய்ந்து நின்றது. "நீங்க சொன்ன மாதிரிதானே மடிச்சிருக்கோம், மேடம்?" என்றாள் இஸ்திரிக்கார அக்கா. நேற்றுவரை 'அடியே' என்று கூப்பிட்டவள். அந்த 'மேடம்' ராத்திரிச் சோற்றில் கல்லாக நெருடியது. வீட்டு வாசல்வரை வந்துவிட்ட வண்டியைப் பார்த்த கணவன், "இதாவது உன் பேச்சைக் கேக்குதே" என்று சைக்கிளை நகர்த்தி அதற்கு இடம் விட்டான்.

மறுநாள் பழையபடியே சேரச் சொல்லிவிட்டு, தனக்குப் பதவி வந்ததால் ஜோடியிழந்து நின்ற சிட்டுவுக்கு எதிரே அவளே போய் நின்றாள். அவள் ஒரு முனையைத் தூக்கியதும் கூடத்திலிருந்த விரிப்புகள் எல்லாம் தாமாகவே முனைகளைத் தூக்கிக்கொடுத்தன. தோள்வலி குறைந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். வேறெதையும் யாரும் கேட்கவில்லை. சில வருடங்களில் சிட்டுவும் அக்காவும் ஆளுக்கொரு பகுதியை நடத்தினார்கள். அவர்கள் பின்னாலும் வண்டிகள் போயின. மூவரும் பேசி முடிக்கும்வரை கொதிகலன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. அக்கா எப்போதோ 'அடியே'வுக்குத் திரும்பியிருந்தாள்.

ஒரு நாள் முதலாளி, மேற்பார்வையாளரான அவளை மாடிக் கண்ணாடி அறைக்கு அழைத்தார். இனி அவள்தான் மேலாளர், இந்த அறையும் அவளுக்குத்தான் என்றார். ஒரே ஒரு காரியம்: வார விடுமுறையை எல்லோரும் விட்டுக்கொடுக்க வேண்டும்.

"நான் சொன்னா முறைப்பாங்க. நீ சொன்னா சிரிச்சுக்கிட்டே வருவாங்கம்மா."

உண்மைதான் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஒரு நாளில்தான் சிட்டு தன் மகளுக்கு அவசரமில்லாமல் தலை பின்னிவிடுவாள். தான் கேட்டால் சிட்டு அதையும் கொடுத்துவிடுவாள். கீழே விரிப்புகள் பாதி மடிந்தபடி அந்தரத்தில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

"வருவாங்க சார்," என்றாள் மெதுவாக. "அதனாலதான் நான் சொல்லப்போறதில்ல."