மஞ்சள் கழுவிய தண்ணீர்

மனைவியைத் தாய்வீட்டில் விடப் புறப்பட்ட அன்று, ராக்கையா வண்டியில் வைக்கோலை இரண்டு பங்காகப் போட்டான். முன்னால் அவனுக்கு, பின்னால் இருளம்மாளுக்கு. நடுவில் ஒரு கம்பு மூட்டை. மூட்டையை வைக்கச் சொன்னது அவனுடைய அக்காள் மூக்கம்மாள்.

“ஏலே, கைபடாமக் கொண்டுபோயி விட்டுட்டு வா. பெருவியாதியாத்தான் இருக்கும். புள்ளைக இருக்கிற வீடு” என்றாள்.

தை பிறந்ததிலிருந்து இருளம்மாளுக்கு அரிப்பு. உள்ளங்கையில் தொடங்கி, உள்ளங்காலுக்கு இறங்கி, உடம்பு முழுக்கப் பரவிவிட்டது. சிரங்கு என்றால் கொப்புளம் இருக்கவேண்டும். இவளுக்கு நகம் கீறிய கோடுகளைத் தவிர ஒன்றுமில்லை. போடிக்குப் பக்கத்திலிருந்த அந்த ஊரைப் பயமுறுத்தியது அதுதான். கண்ணுக்குத் தெரிந்த சிரங்கோடு ஊரில் பாதிப்பேர் நடமாடினார்கள்; அவர்களை யாரும் ஒதுக்கவில்லை.

அவளுடைய பாய் மாட்டுக் கொட்டத்துக்குப் போனது. தட்டும் தனியானது. ராக்கையாவும் தன்னால் ஆனதைச் செய்தான். விடிந்ததும் மஞ்சளும் வேப்பிலையும் அம்மியில் அரைத்து, இலையில் வழித்து, கொட்டத்து வாசலில் வைத்துவிட்டு விலகி நிற்பான். அவளே பூசிக்கொள்வாள். கை எட்டாத நடு முதுகைத் தூணில் தேய்ப்பாள். நாளாக நாளாக உடம்பில் மஞ்சள் நன்றாகப் பிடிக்கிறதென்று அவனுக்குத் திருப்தி. கண்ணும் மஞ்சளித்தபோது, மஞ்சள் கையால் கசக்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

தேனி கடைத்தெருவில் இருளம்மாள் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

“இங்கன டாக்டர் இருக்காகளாம். இது இன்னதுன்னு ஒருத்தர் வாயால கேட்டுக்கிறேன், மச்சான். பெருவியாதின்னா எங்காத்தா வீட்டுலயும் எனக்குக் கொட்டந்தான். தம்பி பொண்டாட்டி வேற முழுகாம இருக்கா.”

டாக்டர் பொன்னுராஜ் ஊசி முனையால் அவள் விரல்களிலும் குதிகாலிலும் மெல்லக் குத்தினார். ஒவ்வொரு குத்துக்கும் அவள் “ஆத்தாடி” என்றாள்.

“குஷ்டம்னா குத்துறதே தெரியாது. உங்களுக்கு உணர்ச்சி நல்லா இருக்கு. பெருவியாதி இல்லை. முதல்ல இந்த மஞ்சளைக் கழுவிட்டு வாங்க.”

பின்பக்கத் தொட்டியடியில் அவள் சோப்புப் போட, ராக்கையா எட்ட நின்று செம்பால் ஊற்றினான். தண்ணீர் மஞ்சளாக ஓடியது, பிறகு வெளுத்தது, பிறகு தெளிந்துவிட்டது. கை மட்டும் மஞ்சளாகவே இருந்தது. இன்னொரு தடவை தேய்க்கச் சொன்னான்.

“சோப்பு சரியில்லைங்கய்யா, போகமாட்டேங்குது” என்றான் உள்ளே வந்து.

டாக்டர் அவள் கண்ணிமையை இறக்கிப் பார்த்தார். வலப்பக்க விலாவுக்கடியில் அழுத்தினார்.

“ஒண்ணுக்கு எப்படிப் போகுது?”

“கருப்பட்டிக் காப்பி மாதிரிங்க.”

“வெளிக்கி?”

“வெளுத்து, சுண்ணாம்பாட்டம்.”

“இதை ஏம்மா வீட்டுல சொல்லலை?”

“யாரு கேட்டா?”

டாக்டர் ராக்கையாவின் பக்கம் திரும்பினார். “சோப்பு மேல குத்தமில்லை. இது பூசின மஞ்சள் இல்லை, உள்ளயிருந்து வர்றது. காமாலை. ஈரல்ல இருந்து குடலுக்குப் போற பித்தத்துக்கு வழி அடைச்சிருக்கு. அது ரத்தத்துல கலந்திருச்சு. அரிப்பும் அதனாலதான். யாருக்கும் ஒட்டாது.”

“இத்தனை நாளாத் தெரியலையேங்கய்யா.”

“எப்படித் தெரியும்? மேல மேல பூசிட்டிருந்தா?”

தினமும் தான் அரைத்த மஞ்சளுக்கடியில் இன்னொரு மஞ்சள் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது என்பது ராக்கையாவுக்கு மெதுவாகத்தான் விளங்கியது.

“வயித்தைத் திறந்து பார்க்கணும். கல்லா இருந்தா எடுத்திருவாங்க.”

“கல்லா இல்லாட்டி?” என்று கேட்டது இருளம்மாள்.

டாக்டர் கை கழுவப் போனார். “முந்தியே வந்திருக்கணும். இன்னிக்கே ரயிலேறி மதுரைக்குப் போங்க.”

வண்டியையும் மாட்டையும் தெரிந்த கமிஷன் கடையில் விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். பெஞ்சில் அவள் ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். ராக்கையா நெருங்கி உட்கார்ந்தான்.

“ஒட்டாதுன்னு டாக்டர் சொன்ன பொறவுதான் பக்கத்துல உக்காருறீகளாக்கும்?”

அவன் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் திரும்பி முதுகைக் காட்டினாள்.

“சரி, சொறிங்க. நடுவுல எனக்குக் கை எட்டாது.”

அவன் நகக்கண்ணில் காலையில் அரைத்த மஞ்சள் இன்னும் இருந்தது. தயங்கித் தயங்கிக் கையை வைத்தான்.

“இன்னும் கீழ” என்றாள். “பயப்படாம, அழுத்திச் சொறிங்க.”