டாக்டர் பாவாயிக்கு ஒரு மஞ்சள் கயிறு

இறந்துபோன அத்தையின் நரைத்த கூந்தலைச் சிடுக்கெடுத்து முடிந்துகொண்டிருந்த பிரவீனா, ஒருவன் வேரோடு பிடுங்கிய வாழைக்கன்றைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்துவதைப் பார்த்தாள். பாடைக்கு மூங்கில் வந்தாகிவிட்டது, கீற்றும் வந்தாகிவிட்டது. இது எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை.

"தாலி கட்டோணுமல்ல," என்றாள் பங்காளி வீட்டுப் பெரியம்மா பொன்னாத்தாள். அவள் மடியில் மஞ்சள் தடவிய கயிறு கிடந்தது. "கண்ணாலம் ஆவாதவள அப்படியே எடுக்கப்படாது சாமி. கன்னியாப் போனா ஊட்டையே சுத்திச் சுத்தி வரும். வாழைய மாப்ளையா வெச்சுக் கட்டிப்போட்டுத்தான் தூக்கோணும்."

அத்தை டாக்டர் பாவாயிக்கு எண்பத்தொரு வயது. ராசிபுரத்துக்கும் புதுச்சத்திரத்துக்கும் நடுவே இந்த ஆஸ்பத்திரியைப் போட்ட, அந்தப் பக்கத்தின் முதல் பெண் டாக்டர். பெண் குழந்தை பிறந்தால், மாமியார்க்காரி அதைக் கையில் வாங்கி மூன்று பேர் கேட்கப் பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை வார்டை விட்டு நகர விடமாட்டார். சிசுவின் பாலினம் சொன்ன ஸ்கேன் சென்டர் ஒன்றுக்கு எதிராகக் கோர்ட்டில் சாட்சி சொன்ன அன்று கார் கண்ணாடியை உடைத்தார்கள். மறுநாள் கண்ணாடியில்லாத அதே காரில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார்.

பிரவீனா பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போனாள். அர்த்தநாரி, டாக்டரின் ஒரே தம்பி.

"இது உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"நாந்தான் எடுத்தாரச் சொன்னேன் கண்ணு. அக்காளுக்கு ஒரு கொற வெக்கப்படாதுல்ல."

"அத்தைக்கு என்னங்கப்பா கொற?"

"பின்னால இருக்கற புள்ளைகளுக்கு ஆவாதுங்கறாங்க," என்றார்.

பின்னால் இருந்த பிள்ளை அவள் ஒருத்திதான். முப்பத்தாறு வயது. நாமக்கல் கல்லூரியில் வேலை. வந்த வரன்களையெல்லாம் வேண்டாமென்று சொல்லிவிட்டாள்; பெரியம்மாக்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருந்தார்கள்.

அப்போதுதான் ஆட்டையாம்பட்டியிலிருந்து பள்ளித் தலைமையாசிரியை அன்புச்செல்வி மாலையோடு வந்து இறங்கினாள். வாழைக்கன்றையும் கயிற்றையும் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டாள். சாவு வீட்டில் சிரிக்கக்கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஏனுங்கம்மா, எனக்குப் பதினஞ்சு வயசுல மண்டபத்துல கண்ணாலம் ஏற்பாடு பண்ணியிருந்தாங்க. டாக்டரம்மா நேரா வந்து மணவறைல எம்பக்கத்துல உக்காந்துட்டாங்க. 'மொதல்ல எனக்குக் கட்டு, அப்புறம் புள்ளைக்குக் கட்டலாம்'னு மாப்ளகிட்டச் சொன்னாங்க. போலீசு வாரவரைக்கும் எந்திரிக்கவே இல்லீங்க."

"அதுக்கு?" என்றாள் பொன்னாத்தாள்.

"அன்னிக்கு முழிச்சுட்டு உக்காந்திருந்தாங்க. கட்ட ஒருத்தனுக்கும் தகிரியம் வல்லீங்க. இன்னிக்குக் கண்ண மூடிட்டாங்கன்னு கட்டறீங்களாக்கும்?"

துக்கத்துக்கு வந்து வார்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்த பெண்களிடமிருந்து முனகல் மாதிரி ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது.

"பழமை பேசறதுக்கு நேரமில்ல. கொழுந்தனாரே, கயித்த யாரு கட்டறது?" என்று பொன்னாத்தாள் அர்த்தநாரியைக் கேட்டாள்.

பிரவீனா அப்பாவின் முன்னால் குனிந்தாள். சத்தமில்லாமல் கேட்டாள்.

"நாளைக்கு எனக்கும் இப்படித்தான் கட்டச் சொல்லுவீங்களாப்பா?"

அர்த்தநாரி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பொன்னாத்தாளின் மடியிலிருந்த கயிற்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வாழைய அப்பால வெய்யுங்க."

"என்ன கொழுந்தனாரே, நம்ம சனத்துல இப்படி உண்டா?"

"இல்லீங்க. இந்தப் பக்கத்துல எதையும் மொதல்ல பண்ணுனது எங்கக்காதான். இதையும் அவங்களே பண்ணட்டும்."

பாடை எழுந்தது. அர்த்தநாரி கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தார். வழக்கப்படி பெண்கள் தெருமுனை வரைதான். அங்கே நின்று கும்பிட்டுத் திரும்பிவிட வேண்டும். முனை வந்தது. பிரவீனா நிற்கவில்லை. அன்புச்செல்வியும் நிற்கவில்லை. கைக்குழந்தைக்காரி ஒருத்தி முந்தானையால் பிள்ளையின் தலையை மூடிக்கொண்டு சாலையில் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்கள்.

காலடிச் சத்தம் குறையாததைக் கேட்டு அர்த்தநாரி ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கைக்குழந்தைக்காரி எட்டிப் பிடிக்கும்படி நடையை மெதுவாக்கினார்.