ஒற்றுமைக்காக ஒரு செபமாலை

1

வந்திருந்தவர்கள்: தோட்ட ஆபீஸ் எழுத்தரான கிராணி செபஸ்தியன், ரப்பர் மரம் சீவும் அமலநாதன், கத்தரின், அவளுடைய நாத்தனார் லூசி, பின்வரிசையில் ஏழெட்டுப் பேர். பின்வரிசைக்குப் பெயர் வைக்கப்போவதில்லை. வாயே திறக்காதவர்களுக்குப் பெயர் எதற்கு?

மலாயாவில் லாபிஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம், தகரக் கூரைக் கோயில், 1930, ஞாயிறு பிற்பகல். அன்று எல்லாரும் ஒற்றுமையாகச் செபித்தார்கள் என்று ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமை கிளப்பிய எரிச்சல்தான் இந்தக் கதை.

2

முதல் தொடக்கம்: 'ரப்பர் மரங்களுக்கு மேலே மேகம் கருத்து...' வேண்டாம். கத்தரின் மேகம் பார்க்கும் நிலையில் இல்லை. அவள் கணவன் மலேரியாவில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். மருந்து கொடுத்தாயிற்று, போய்ச் செபம் பண்ணு என்று அங்கே வைத்தியம் பார்க்கும் டிரெசர் அவளை வெளியே அனுப்பிவிட்டார்.

பெண்கள் கணவன் பெயரை வாயால் சொல்லாத காலம். அவள் சொல்லக் கூடாத அந்தப் பெயரை இவர்கள் எல்லாரும் சேர்ந்து மாதாவிடம் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் வந்திருந்தாள்.

3

செபமாலையில் பாதியை ஒருவர் சொல்வார். மீதியை மற்றவர்கள் சொல்லி முடிப்பார்கள். மாலையின் ஒவ்வொரு பத்து மணிகளுக்கும் முன்னால் யாருக்காக என்று அறிவிப்பார்கள். செபஸ்தியன் முதல் பத்தை இங்கிலாந்து மன்னருக்கு ஒப்புக்கொடுத்தார். தன் பாதியைச் சொல்லி நிறுத்தினார். மீதிப் பாதி வரவில்லை.

"என்னய்யா, நாக்கு ஒட்டிக்கிச்சா?"

"ஜெயில்ல கெடக்கிற காங்கிரஸ்காரங்களுக்குச் சொல்லுங்க கிராணி, கூரை பறக்கச் சொல்றேன்," என்றார் அமலநாதன்.

"துரை காதுல விழுந்தா இந்தக் கூரையே மிஞ்சாது."

"மாதா காதுல விழத்தானே சொல்றோம்? துரை ஏன் ஒட்டுக் கேக்குறாரு?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

(இங்கே அமலநாதனை நல்லவராக்கிவிட ஆசை வந்தது. அடக்கிக்கொண்டேன். அடுத்து அவர் செய்ததைப் பாருங்கள்.)

"அண்ணே, அவருக்கு மூச்சு வாங்குது," என்றாள் கத்தரின். "மொதல்ல அவருக்குச் சொல்லிடுங்க."

"வரிசையா வரும்மா," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

4

நெடுநேரம் கத்தியபின் அமலநாதனுக்கு ஒரு யோசனை வந்தது.

"யாருக்காகன்னே சொல்ல வேணாம். மன்னரும் வேணாம், காங்கிரசும் வேணாம். பொதுவா செபிப்போம்."

செபஸ்தியன் கை கொடுத்தார். பின்வரிசை பெருமூச்சு விட்டது.

"அப்ப எங்க வீட்டுக்காரரு?"

"ஒரு பேரு சொன்னா எல்லாப் பேரும் வரும், தங்கச்சி. மனசுக்குள்ள நெனச்சுக்க."

"மனசுக்குள்ள நெனைக்கிறதுக்கு நான் ஏன் இம்புட்டுத் தூரம் நடந்து வரணும்? சாகக் கெடக்கிறவரு எந்தக் கட்சிண்ணே?"

"அலமாக், மறுபடி ஆரம்பிக்காதம்மா," என்று மலாய்ச் சொல்லில் சலித்துக்கொண்டார் செபஸ்தியன்.

5

முடிவு அ: லூசி எழுந்து அண்ணன் பெயரைச் சொல்ல, ஒவ்வொருவராக... எழுதினேன், அடித்துவிட்டேன். லூசி எழுந்திருக்கவில்லை.

முடிவு ஆ: அவன் பிழைத்தான், ஆகவே. அல்லது செத்தான், ஆகவே. அந்த 'ஆகவே'வுக்குப் பிறகு நான் ஒரு சொல்லும் எழுதமாட்டேன். வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கத்தரின் எழுந்து வாசலுக்குப் போனாள். திரும்பி நின்றாள்.

"சின்னத்தம்பிக்காக," என்றாள் உரக்க.

அண்ணி வாயில் அண்ணன் பெயரைக் கேட்ட லூசி திடுக்கிட்டுத் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். கத்தரின் செபத்தின் முதல் பாதியைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அமலநாதன் செபஸ்தியனைப் பார்த்தார். செபஸ்தியன் அமலநாதனைப் பார்த்தார்.

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள். சாரல் உள்ளே அடித்தது. அமலநாதன் ஓடிவந்து கதவைச் சாத்தினார். காற்றில் திறந்துகொள்ளாதபடி செபஸ்தியன் பூட்டினார்.