திருகாணி போட்ட தொட்டி

“பின்பக்கத் தகட்டைக் கழட்டுங்க,” என்றார் மேனேஜர்.

கடைக்காரர் சிரித்தார். “மாப்பிள்ளை விசாரிக்கிற மாதிரியில்ல விசாரிக்கிறீங்க! வாஷிங் மெஷின்தானே சார்?”

“மாப்பிள்ளைய விசாரிக்கிறது எதுக்கு? அப்புறம் மாத்த முடியாதுன்னுதானே? கழட்டுங்க.”

பேருந்துப் பணிமனையை நடத்தி ஓய்வு பெற்றவர்; ஊருக்கு இன்னும் மேனேஜர்தான். எதையும் உள்ளே பார்க்காமல் வாங்கியதில்லை. முதல் மெஷினில் தொட்டியின் இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒட்டியிருந்தார்கள். பேரிங் தேய்ந்தால் தொட்டியையே தூக்கிப் போட வேண்டும். வேண்டாம். அடுத்ததற்கு உதிரிபாகம் கிடைக்குமா என்று கேட்டதற்குக் கடைக்காரர் மென்று விழுங்கினார். அதுவும் வேண்டாம்.

மனைவி படுத்த படுக்கையாகிப் பல மாதங்கள். நனைந்த விரிப்புகளையெல்லாம் மகள்தான் கையால் துவைத்தாள். பக்கத்து வீட்டம்மா தன் மெஷினில் போட்டுத் தருவதாகச் சொன்னபோது, “நம்ம வீட்டு அழுக்கு அடுத்தவங்க வாசப்படி ஏறக் கூடாது,” என்று மகளிடம் சொல்லிவிட்டார். சலவைக்கடைக்கும் அதே பதில். யாராவது வந்தால் ஈர விரிப்பைக்கூடக் கொடியிலிருந்து எடுத்துவிட வேண்டும். சொந்தமாக வாங்கிவிடலாம் என்று இரண்டொரு முறை கடைக்குப் போனார். எதுவும் மனசுக்குப் பிடிக்காமல் வெறுங்கையோடு திரும்பினார்.

இன்று காலை மகளின் விரலிடுக்குப் புண்ணைப் பார்த்துவிட்டு மனைவி சொன்னாள்: “ஏதோ ஒண்ணு வாங்கிட்டு வாங்க. ஆராய்ச்சி பண்ணாதீங்க.”

மூன்றாவது மெஷினின் தகடு கழன்றது. தொட்டியைச் சுற்றிலும் திருகாணிகள். குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். சட்டைப்பையில் கைபேசி அடித்தது. வீட்டு எண். கடைக்காரரும் வாங்க வந்த சிலரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீட்டிலிருந்து கூப்பிட்டால் பதறி ஓடுகிற ஆள் என்று நினைத்துவிடுவார்கள். இணைப்பைத் துண்டித்துக் கைபேசியையே அணைத்து வைத்தார்.

“பேரிங் தனியாக் கிடைக்குமா?”

“கிடைக்கும் சார். உங்க காலத்துக்கும் உழைக்கும்.”

அவருக்குத் திருப்தி. மெஷினை வண்டியில் ஏற்றச் சொல்லி, தானும் முன் இருக்கையில் ஏறிக்கொண்டார்.

வீட்டு வாசல் நிறையச் செருப்புகள் கிடந்தன.

“எங்க வைக்கணும் ஐயா?” என்று கேட்ட சுமைக்காரரைப் பக்கத்து வீட்டம்மா கையமர்த்தினாள். மேனேஜர் உள்ளே போனார். மனைவி உலர்ந்த விரிப்பில் கிடந்தாள். அருகில் மகள், முழங்கால் வரை நனைந்த உடையோடு.

“எப்போ?”

“தெரியலப்பா. நான் குழாயடியில இருந்தேன். விரிப்பு நனைஞ்சுபோச்சு. மாத்திப் படுக்க வச்சுட்டு, யாராவது பாத்துட்டா உங்களுக்குப் பிடிக்காதேன்னு அதை அலசப் போனேன். திரும்பி வந்தா…”

“போன் பண்ணது நீயா?”

“அம்மா. நம்பர் போட்டுக் குடுன்னாங்க. நீங்க கட் பண்ணதும், ‘கடையில நாலு பேர் இருப்பாங்க, விடு’ன்னுட்டாங்க.”

“எதுக்காம்?”

“கேட்டேன். ‘அவர்கிட்டயே சொல்லிக்கிறேன்’னாங்க.”

வாசலிலிருந்து தம்பி வந்து காதருகே குனிந்தார். “அண்ணே, அந்தப் பெட்டிய மாடிப்படிக்குக் கீழ தள்ளிடவா? இந்த நேரத்துல மெஷின் வாங்கப் போயிருக்காருன்னு வர்றவங்க ஒரு மாதிரி பேசுவாங்க.”

“பேசட்டும். அங்கயே இருக்கட்டும்.”

மேனேஜர் பின்பக்கம் போனார். கொடியில் அந்த விரிப்பு பிழியாமல் தொங்கியது. ஒரு ஆளால் பிழிய முடியாத கனம். கொடி தரையைத் தொடுகிற அளவுக்கு இறங்கியிருந்தது. பின்னாலேயே வந்த மகள் அவசரமாக அதை உருவினாள்.

“உள்ள போட்டுடறேம்பா.”

அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். சட்டைக் கையை மடித்துவிடவில்லை.

“விடுங்கப்பா. எல்லாரும் பாக்கிறாங்க.”

சன்னலில் உறவினர் முகங்கள் தெரிந்தன. அவர் முறுக்கத் தொடங்கினார். மகளும் முறுக்கினாள். விரிப்பு இருவர் கையிலும் சும்மா சுழன்றது.

“அப்பா,” என்றாள் மகள் மெல்ல. “எதிர்ப்பக்கமா.”

அவர் கையை மாற்றித் திருப்பினார். தண்ணீர் விழ ஆரம்பித்தது.