வானம் பூசிய தெரு

பல்செட்டுக்காரி தன் மேசையில் இருந்த விரலளவு வீட்டுக்குச் சாம்பல் நிறம் அடித்த அன்று மத்தியானம், தெருவில் அவளுடைய நாத்தனார் வீடும் சாம்பல் நிறமானது. பூச்சு அப்படியொன்றும் நன்றாக இல்லை. ஜன்னலுக்குக் கீழே பெயின்ட் வழிந்து, கால் காலாக நீண்டு பரவியிருந்தது. கணவன் போன பிறகு அவளோடு சண்டை போட மிச்சமிருந்த ஒரே உறவான நாத்தனார் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள்.

"அண்ணி, என் சுவத்துல என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? சிலந்தி மேஞ்ச மாதிரி இருக்கு!"

"பெயின்ட்ல தண்ணி கூடிப்போச்சு. பக்கத்துலேர்ந்து வேற அடிச்சுட்டேன். காயட்டும், சரி பண்ணிடறேன்."

"சாயந்திரம் என் சம்பந்தி வராங்க!"

"பாக்கட்டுமே. இப்பதானே கத்துக்கறேன்."

பெரிய சாலை போடுவதற்காகத் தெருவையே இடிக்கப்போவதாகச் சொல்லி, ஒவ்வொரு கதவிலும் சிவப்புப் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். அவள் வேலை பார்த்த, பல்செட் செய்யும் கூடமும் அதே சாலைக்குத்தான் போனது. கூடத்து முதலாளி கொடுத்த கம்ப்ரசரையும் மீந்த பிளாஸ்டரையும் தூக்கி வந்து, பல் செதுக்கும் கத்தியால் தெரு முழுவதையும் மேசைமேல் செதுக்கினாள். ஒரு நகலாவது இருக்கட்டும் என்றுதான், காற்றால் பெயின்டைத் தெளிக்கும் ஏர்பிரஷ் வாங்கினாள். அது இப்படி ஆகும் என்று யார் கண்டது.

அதன் பிறகு தெருவே அவளுடைய பயிற்சித் தாளாயிற்று. பெயின்டைப் பால் பதத்துக்குக் கரைக்க வேண்டும், முதலில் காற்றைத் திறந்து பிறகுதான் பெயின்டை விட வேண்டும், ஒரே மூச்சில் மூடாமல் மெல்லிய பூச்சாக ஒன்றின்மேல் ஒன்று காயவிட்டு அடிக்க வேண்டும் என்று அவள் கற்றுக்கொண்ட ஒவ்வொன்றையும் சுவர்களைப் பார்த்தே தெருக்காரர்கள் தெரிந்துகொண்டார்கள். ஏர்பிரஷின் ஊசிமுனையில் பெயின்ட் காய்ந்து துப்பினால் தபால்காரரின் வீடு புள்ளி புள்ளியாகும்; அவர் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவார். பூச்சு பிடிபடத் தொடங்கியபோது கதவுகளில் இருந்த சிவப்புக் குறிகள் மறைந்தன. சாலை அதிகாரி வந்து மறுபடி போட்டார். மறுபடியும் மறைந்தன.

"யாரு இத அழிச்சது?" என்று தெருவில் நின்று கத்தினார்.

பல்செட்டுக்காரி முகமூடியைக் கழற்றாமலே ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "நான்தான். பொம்மைக்குப் பெயின்ட் அடிக்க உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணுமா சார்?"

"வர வாரம் மெஷின் வருதும்மா. குறி இருந்தாலும் இல்லாட்டியும் இடிக்கும்."

"வரட்டும். தெரு கண்ணுல பட்டா இடிச்சுக்கோங்க."

சொல்லிவிட்டாளே தவிர, பொம்மை வீடுகள்மேல் வானத்தை அடிப்பது லேசில்லை. மேலே அழுத்தமான நீலம் கீழே வர வர வெளுத்து, எங்கே மாறியது என்றே தெரியாமல் மாற வேண்டும். முதல் முயற்சியில் தெருவின் இடுப்பில் பெல்ட் கட்டியதுபோல் நீலம் துருத்தி நின்றது. நாத்தனார் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெயின்டைத் துணியில் வடிகட்டிக் கொடுத்தாள். "என் வீட்டுக்கு மொதல்ல அடிங்க" என்றவள், கொஞ்சம் யோசித்து, "வேணாம், அந்தக் கோடி வீட்டுலேர்ந்து வாங்க. அவங்களுக்குப் போக்கிடம் இல்ல" என்றாள். பல்செட்டுக்காரி தன் வீட்டைக் கடைசிக்கு வைத்தாள். அதை அடிக்கும்போது மெஷின் தெருமுனையில் உறுமியது, ஏர்பிரஷ் அடைத்துக்கொண்டது. நாத்தனார் துணியை நீட்டினாள். பல்செட்டுக்காரி ஊசியை உருவித் துடைத்து, நிதானமாகத் திருப்பிப் போட்டு, கூரையிலிருந்து வாசல் வரை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

ஓட்டுநர் மெஷினை நிறுத்தித் தலையைச் சொறிந்தார். எதிரே வெறும் ஆகாயம். கையை நீட்டிக்கொண்டு நடந்த அதிகாரி, எதன்மீதோ நெற்றியை இடித்துக்கொண்டு, அதனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

சாலை அந்த இடத்தைச் சுற்றி வளைத்துப் போடப்பட்டது. தெரு மழைக்குக் கறுக்கவும் அந்திக்குச் சிவக்கவும் தானாகவே பழகிக்கொண்டது. தபால்காரர் சுவரைத் தடவியபடி வீடு சேர்ந்தார். இப்போது அந்த வளைவில் வண்டி வேகம் குறையும்போது, "வானம் ஸ்டாப்பெல்லாம் முன்னாடி வாங்க" என்று கண்டக்டர் குரல் கொடுக்கிறார். காய்கறிப் பையோடு நாலைந்து பேர் இறங்கி, பேசிக்கொண்டே ஆகாயத்துக்குள் நடந்து போகிறார்கள். மற்றவர்கள் காலியான சீட்டைப் பிடிக்கிறார்கள்.