மறக்காத கல்தட்டு

நான்சிக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது ஆறே ஆறு பெயர்கள். ஆறு பெண்கள் ஆளுக்கொரு கல்தட்டு வாங்கிக்கொள்வதாக அவளுடைய தாளில் பெயர் எழுதிவிட்டால் கம்பெனியில் அவள் லீடர். எழுதாவிட்டால் எரியோடு.

எரியோடு அவளுடைய மாமியார் ஊர். அங்கே மாமியாரும் எட்டு எருமைகளும் இருந்தார்கள். அதில் யார் அதிகமாக முட்டுவார்கள் என்பதில் நான்சிக்கே சந்தேகம். புருஷன் பிரான்சிஸ் பைக் ஷோரூமில் வேலை பார்ப்பவன், வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவன். அவனே ஒரு நாள் பேசிவிட்டான்.

"ஆகஸ்ட் முடியிறதுக்குள்ள நீ லீடர் ஆயிட்டா டவுன்லயே இருப்போம். இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணிட்டு அம்மாகூடப் போயிருவோம். நான் பஸ்ல வந்து போயிக்கிறேன்."

இதை நான்சி என்னிடம் சொல்லி அழுதபோது, "எரியோடு என்ன அந்தமானா?" என்று கேட்டேன். அதற்கு அவள் விட்ட கண்ணீரைக் குடத்தில் பிடித்திருந்தால் எங்கள் தெருவுக்கு ரெண்டு நாள் தண்ணீர் லாரி தேவைப்பட்டிருக்காது.

கல்தட்டு என்றதும் தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளாதீர்கள். களிமண்ணைக் கல்லாகும்வரை சுட்டுச் செய்த தட்டு. ஓவனுக்குள் வைத்துக் கேக், ரொட்டி, கறி எல்லாம் வேகவைக்கலாம். ஒரு கையால் தூக்கினால் தோள்பட்டை இடுப்புக்கு இறங்கிவிடும். அதைக் கடையில் விற்பதில்லை. யாராவது ஒருத்தி வீட்டில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூட வேண்டும். நான்சி எல்லோர் முன்னாலும் சுட்டுக் காட்டுவாள், எல்லோரும் தின்பார்கள், தின்ற வாயைத் துடைத்துக்கொண்டு பெயர் எழுதுவார்கள். வீடு கொடுத்தவளுக்கு ஒரு சின்னக் கிண்ணம் இலவசம்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடு கொடுத்தவள் நான்.

முப்பத்தாறு வருஷம் டெலிபோன் ஆபீசில் ஊர்ப் பேச்சையெல்லாம் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். ரிட்டயர் ஆனதிலிருந்து காது சும்மா கிடக்கிறது. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

ஒரே ஒரு சின்ன விஷயம். போன கிறிஸ்துமஸுக்கு நான் சுட்ட கேக்கை, இதே ஹாலில், இதே பெண்களுக்கு முன்னால் கடித்துப் பார்த்த நான்சி, "பெரியம்மா, இதை வச்சு காம்பவுண்டு சுவரே எழுப்பலாம்" என்று சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். கமர்ஜஹான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஆனந்தி நாற்காலியிலிருந்து சரிந்தே போனாள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது நான்தான். எட்டு மாதம் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

ரெண்டு மணிக்கே நான்சி வந்துவிட்டாள். கையில் பைகள், தோளில் பைகள், பின்னால் ஆட்டோக்காரர் தலையில் ஒரு பெட்டி. எல்லாவற்றுக்கும் மேலே, பழைய துண்டில் சுற்றி, பச்சைக் குழந்தையைப் போல அவளுடைய சொந்தக் கல்தட்டு.

"யாருக்கும் மனசு கோணக் கூடாதுன்னு பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கேன் பெரியம்மா," என்றாள். "ஆனந்தி அக்கா சைவம்ல, அதனால முட்டையே இல்ல. கமர்ஜஹான் அக்காவுக்காக எசன்ஸ்ல ஆல்கஹால் இல்லாததா மதுரைக்குப் போயி வாங்கிட்டு வந்தேன். பழம் சிறுமலைப்பழம். வெண்ணெய் வீட்ல கடைஞ்சது."

"அடேயப்பா. ஒண்ணையும் விடலையே நீ."

"ஒண்ணையும் விடல. மக பாஸிலா கல்யாணச் சீருக்கு கமர்ஜஹான் அக்கா மூணு எடுக்கிறதாச் சொல்லிருக்காங்க, வீட்ல ஆளுக்கு ஒரு பேரா மூணு பேரு. ஆனந்தி அக்கா ஒண்ணு. ரீனா ஒண்ணு. அவ நாத்தனாருக்கு ஒண்ணு. ஆறு." விரல் விட்டு எண்ணிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கு நீங்கதான் எனக்கு மாதா."

மாதா துண்டை விலக்கித் தட்டைப் பார்த்தாள். கன்னங்கரேலென்று, எண்ணெய் குடித்து மினுமினுத்தது. இடது மூலையில் நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.

அந்தச் சில்லை எனக்குத் தெரியும். ஈஸ்டர் அன்று இதே தட்டில்தான் எனக்கு அவள் பன்றிக்கறி சுட்டுக் கொடுத்தனுப்பினாள். எங்கள் தெருவில் யாரும் யாருடைய பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்புவதில்லை, அது வழக்கம். நானும் கறியை வழித்துத் தின்றுவிட்டு, வெந்நீரில் அலசி, ஆறு முறுக்கு வைத்துத் திருப்பி அனுப்பினேன்.

அப்போதே வாயைத் திறந்து, "ஏடி, இந்தத் தட்டையா கமர்ஜஹான் முன்னால வைக்கப்போற?" என்று கேட்டிருக்கலாம். நேரமும் இருந்தது. பெட்டியில் புதுத் தட்டுகளும் இருந்தன. ஆனால் நான் உள்ளே போய், புதிதாக வாங்கிய சின்னாளப்பட்டிச் சுங்குடியைக் கட்டிக்கொண்டு, பவுடர் போட்டுக்கொண்டு வந்தேன். நல்ல நாடகத்துக்குப் பழைய புடவையில் போகக் கூடாது.

நாலு மணிக்குப் பதினோரு பெண்கள் வந்துவிட்டார்கள். என் ஹால் அதுவரை அத்தனை தங்கத்தைப் பார்த்ததில்லை. கமர்ஜஹான் பெரிய சோபாவின் நடுவில் உட்கார்ந்தாள். அவள் புருஷனுக்குத் தோல் மண்டி. அவள் ஒரு பொருளை வாங்கினால் மறுநாள் தெருவே வாங்கும், வேண்டாமென்றால் தெருவே கைகழுவும். பக்கத்தில் ஆனந்தி, சங்கீதம் சொல்லிக்கொடுப்பவள். எதிரில் எங்கள் மாதா கோயில்காரி ரீனா, போனில் படம் எடுக்கத் தயாராக.

கேக் ஓவனுக்குள் போனது. நான்சி பேச ஆரம்பித்தாள். பொய் சொல்லக் கூடாது, அழகாகப் பேசினாள். கம்பெனியில் சொல்லிக்கொடுத்ததை நம்ம ஊர்ப் பேச்சாக்கி, ஒரு கையால் காற்றில் மாவு பிசைந்துகொண்டே பேசினாள்.

"இந்தக் கல்லுக்கு மூணு வருஷமா சோப்பே காட்டினதில்லக்கா. காட்டவும் கூடாது. வெந்நீர், ஒரு மரக்கரண்டி, அம்புட்டுதான். ஏன்னா இது உயிருள்ள கல்லு. நீங்க என்ன சுட்டாலும் அதோட எண்ணெயையும் ருசியையும் குடிச்சு உள்ள வச்சுக்கும். சுடச் சுடத்தான் கருக்கும். கருக்கக் கருக்கத்தான் ருசி. கல்லு எதையும் மறக்காது."

"நம்ம வீட்டுக்காரங்க மாதிரி இல்ல," என்றாள் ரீனா. எல்லோரும் சிரித்தார்கள்.

ஓவன் மணி அடித்தது. கேக் வெளியே வந்தபோது கிளம்பிய வாசனைக்குச் சிறுமலையிலிருந்து குரங்குகள் இறங்கி வந்திருந்தாலும் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். கவிழ்த்தாள். ஒரு துணுக்குகூட ஒட்டாமல் தட்டைவிட்டு வழுக்கி விழுந்தது. பதினோரு வாயும் "ஆ" என்றன. துண்டு போட்டு, காகிதத் தட்டுகளில் வைத்து, முதல் துண்டைக் கமர்ஜஹானிடம் நீட்டினாள். இன்னொரு கையில் பெயர் எழுதும் தாளும் பேனாவும்.

கமர்ஜஹான் துண்டை விரலில் எடுத்துவிட்டாள். ஆனந்தியும் எடுத்துவிட்டாள். இதற்குமேல் தாமதித்தால் அது பாவம். பாவம் செய்கிற உத்தேசம் எனக்கு இல்லை, வேடிக்கை பார்க்கிற உத்தேசம்தான்.

"ஏம்மா நான்சி, கிழவிக்கு ஒரு சந்தேகம். எல்லாரும் செத்த நேரம் பொறுங்க, தின்னுட்டா யாரும் காது கொடுக்க மாட்டீங்க."

கைகள் நின்றன.

"கேளுங்க பெரியம்மா," என்றாள் நான்சி. அவளுக்குச் சந்தோஷம். கேள்வி வந்தால் விற்பனை நடக்கும் என்று கம்பெனியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

"எதைச் சுட்டாலும் குடிச்சு வச்சுக்கும்னியே, எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"முத நாள்ல இருந்தா?"

"முத நாள்ல இருந்து பெரியம்மா. அதான் இதோட பெருமையே."

"அப்ப ஈஸ்டருக்கு நீ எனக்குக் கொடுத்து விட்டியே, மூலையில சில்லு பேந்த தட்டு, இதேதான? அதுவும் உள்ளதான் இருக்கும்னு சொல்லு."

நான்சியின் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனது என்று தெரியவில்லை. கொடைக்கானலுக்குப் போயிருக்கலாம், அத்தனை குளிர்ந்துபோனாள். மதுரைவரை போய் எசன்ஸ் வாங்கியவள், வெண்ணெய் கடைந்தவள், முட்டையைத் தள்ளியவள். சுடுகிற தட்டை மட்டும் நினைக்கவில்லை. தினம் கையில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

"ஈஸ்டருக்கு என்ன செஞ்ச?" என்று ஆனந்தி கேட்டாள்.

நான் மின்விசிறியைப் பார்த்தேன். எத்தனை இறக்கை என்று எண்ணினேன். மூன்று.

சிக்கன் என்று நான்சி சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆனந்தி ஒருத்தியோடு போயிருக்கும், நானும் மறுத்துப் பேசியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். நான்சி கமர்ஜஹானின் விரலில் இருந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பன்னிக்கறி," என்றாள். "சாப்டாதீங்கக்கா. வச்சிருங்க."

கமர்ஜஹான் துண்டைத் தட்டில் வைத்தாள். அதன்மேல் ஒரு டிஷ்யூவைப் போர்த்தினாள், பிரேதத்துக்குப் போர்த்துவதுபோல. எழுந்து போய்க் கையைக் கழுவினாள். திரும்பக் கழுவினாள். ஏழு முறை கழுவினாள் என்று நான் இப்போதும் சொல்வேன், ரீனா மூன்று என்கிறாள். வந்து நான்சியின் தோளில் ஈரக்கையை வைத்தாள்.

"உண்மையைச் சொன்னியே, அல்லா உனக்கு நல்லது செய்வான். உன்மேல எனக்குக் கோவம் இல்லம்மா."

"பெட்டியில இருக்கிறதெல்லாம் புதுசுக்கா. ஒண்ணுமே படாதது. பாஸிலாவுக்கு…"

"தெரியும்மா. ஆனா இனிமே அந்தத் தட்டைப் பாக்கிறப்பல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். கல்யாணப் பொண்ணுக்கு எவர்சில்வர் போதும்."

மூன்று பெயர் போயிற்று. ஆனந்தி தன் துண்டைக் கொண்டுபோய்க் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, தம்பூராவைத் தொட்ட கையாயிற்றே என்று முணுமுணுத்தாள். நாலு.

"ரீனா, நீயாவது," என்றாள் நான்சி. "நீ எல்லாம் சாப்பிடுறவதானே."

"எனக்கென்ன, நான் தின்னுட்டேன்," என்றாள் ரீனா. உண்மைதான், அதற்குள் ரெண்டு துண்டு உள்ளே போயிருந்தது. "ஆனா யோசிச்சுப் பாரு. இந்தக் கல்லு என் அடுப்படியில இருக்குன்னா ஆனந்தி என் வீட்ல ஒரு வாய் காப்பி குடிப்பாளா? இவங்க நோன்புக்கஞ்சி அனுப்பினா நான் பதிலுக்கு என்னத்தைக் கொடுத்து விடுறது? என் நாத்தனாரும் இதேதான் சொல்லுவா."

ஆறு.

எல்லோரும் போனபின் நான்சி என் ஹாலில் உட்கார்ந்து கேக்கைத் துண்டு துண்டாகப் பழைய பெட்டியில் அடுக்கினாள். அழவில்லை. அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

"நீங்க ரெண்டு மணிக்கே அந்தச் சில்லைப் பாத்தீங்க பெரியம்மா," என்றாள். "விரலால தடவினீங்க."

"வயசாச்சுடி. அப்ப ஞாபகம் வரல."

"கிண்ணம் கிடையாது. ஆறு பேரு எழுதினாத்தான் கிண்ணம்," என்று சொல்லிவிட்டுத் தட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் அவர்கள் வீட்டு வாசலில் மினி லாரி நின்றது. பீரோ ஏறியது, கட்டில் ஏறியது, ஓவனும் ஏறியது, எருமைகளுக்குக் கேக் சுட்டுக் கொடுப்பதற்கு. தெருவே வாசலில் நின்று பார்த்தது. லாரி கிளம்புகிற நேரத்தில் நான்சி இறங்கி நேராக என்னிடம் வந்தாள். கையில் அந்தக் கருப்புத் தட்டு.

"எல்லாரும் பாத்துக்கோங்க," என்றாள், கோயிலில் வாசகம் வாசிக்கிறவள் குரலில். "கமர்ஜஹான் அக்கா, ஆனந்தி அக்கா, பாத்துக்கோங்க. இந்தக் கல்லை இனிமே நான் எந்த வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது. போன் ஆபீஸ் பெரியம்மாதான் இதோட அருமை தெரிஞ்சவங்க. அவங்ககிட்டயே கொடுத்துட்டுப் போறேன்."

வாங்காமல் எப்படி இருப்பது? வெறுமையாகவும் கொடுக்கவில்லை. உள்ளே ஆறு முறுக்கு இருந்தது.

அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. இலவசமாக வந்ததே என்று பரணில் போட்டுவிட்டேன். கிறிஸ்துமஸ் வந்தது. வழக்கம்போல என் பழைய அலுமினிய டின்னில் கேக் சுட்டு, பதினோரு தட்டில் வைத்துப் பதினோரு வீட்டுக்கு அனுப்பினேன். சாயங்காலத்துக்குள் பதினோரு தட்டும் திரும்பி வந்துவிட்டன. எங்கள் தெருவில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பும் வழக்கம் இல்லையே. ஒவ்வொரு தட்டிலும் என் கேக் அப்படியே இருந்தது.

கமர்ஜஹான் தானே கொண்டுவந்தாள். "தப்பா நினைக்காதீங்கக்கா. கல்லு உங்க வீட்லதான இருக்கு."

"டின்லதான் சுட்டேன், சத்தியமா. கல்லு பரண்ல கிடக்கு."

"இருக்கும்க்கா," என்றாள். நம்பவில்லை என்பதை இத்தனை மரியாதையாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ரம்ஜானுக்கு அவள் வீட்டிலிருந்து வருகிற பிரியாணிச் சட்டி என் கண் முன்னால் இறக்கை முளைத்துப் பறந்து போயிற்று.

தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கெட்டிக்காரி நான்சி. லீடராக ஆக்கியிருந்தால் கம்பெனியே உருப்பட்டிருக்கும்.

கேக்கை என்ன செய்வது? மறுநாள் எரியோட்டிலிருந்து பஸ்ஸில் வந்து ஷோரூமுக்குப் போய்க்கொண்டிருந்த பிரான்சிஸை என் வாசலில் மறித்து, ஒரு பெரிய தட்டு நிறைய அடுக்கி, நான்சிக்கு என்று கொடுத்துவிட்டேன். ரெண்டு நாள் கழித்துத் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். சோப்புப் போட்டுப் பளபளவென்று தேய்த்திருந்தது.

"சாப்பிட்டாளா?"

அவனுக்குப் பொய் சொல்ல வராது. செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எருமைக்கு வச்சா பெரியம்மா. அதுலயும் ஏழுதான் தின்னுச்சு."

தட்டைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.